ஹெட்லைட் ஒயரில் ஜாக்கெட்டை மாட்டாதீர்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. மலையில் பைக் ஓட்டுகிறவர்களும், பைக் ஓட்டுகிற பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்களும் கடைசி வரை படித்துவிடுங்கள். மற்றவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் தங்கை மகன் கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் வேலை பார்க்கிறான். வீடு பண்ணைக்காடு பக்கம். ஷிப்ட் முடிந்து இரவு பதினொரு மணிக்கு மேல் பெருமாள்மலை வழியாக மலைச்சாலையில் இறங்கி வர வேண்டும். போன ஜனவரியில் குளிர் தாங்காமல் ஆன்லைனில் ஒரு ஜாக்கெட் வாங்கினான். உள்ளே மெல்லிய கம்பி ஓடும், வண்டியில் இருந்து 12 வோல்ட் கரண்ட் கொடுத்தால் சூடாகும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் பத்தே நிமிடத்தில் ஹெட்லைட் ஒயரைச் சீவி, இதன் ஒயரை அதோடு முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்று நாள் ராஜபோகம். "மாமா, அடுப்புப் பக்கத்துல உக்காந்து வர்ற மாதிரி இருக்கு" என்று போனில் சொன்னான்.

நாலாம் நாள் பெருமாள்மலையைத் தாண்டி ஒரு வளைவில் எல்லாம் ஒரே நொடியில் போய்விட்டது. ஹெட்லைட் இல்லை, மீட்டர் இல்லை, ஹாரன் இல்லை, எஞ்சினும் இல்லை. பனிமூட்டம், இறக்கம், கும்மிருட்டு. தினம் போகிற பாதை என்பதால் குத்துமதிப்பாக ஓரம் கட்டி, கைப்பிடிச் சுவரைக் காலால் தொட்டு நிறுத்தியிருக்கிறான். பின்னால் காய்கறி வேன் ஒன்று இறங்கி வந்துகொண்டிருந்தது. செல்போன் டார்ச்சை ஆட்டிக் காட்டியதும் அந்த டிரைவர் நின்றுவிட்டார். அந்தப் புண்ணியவான் யாரென்று எங்களுக்குத் தெரியாது.

எனக்கு போன் செய்தபோது "வண்டி நின்னுருச்சு மாமா" என்று மட்டும்தான் சொன்னான். மறுநாள் வண்டியைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஜாக்கெட்டுக்குப் போன ஒயர் சீட்டுக்கு அடியில் இரும்பில் நசுங்கி, மேல்தோல் கிழிந்து, செம்பு பாடியைத் தொட்டிருக்கிறது. அந்த ஒயருக்கென்று தனி பீஸ் கிடையாது. அதனால் வண்டியின் மெயின் பீஸ் போய்விட்டது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பெரும்பாலானவை பெட்ரோலைப் பம்ப் வைத்து, கம்ப்யூட்டர் கணக்குப்படி எஞ்சினுக்குள் பீய்ச்சுபவை. கரண்ட் போனால் எஞ்சினும் போய்விடும். பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் பேட்டரி செத்தாலும் கிக்கரை உதைத்து வீடு வந்து சேரலாம்.

வீட்டில் இரண்டு தீர்ப்பு வந்தது. என் தங்கை, "அந்தக் கருமத்தைத் தூக்கிப் போடு. நம்ம அப்பா சட்டைக்குள்ள கரண்ட் வச்சுக்கிட்டா மலை ஏறினாரு?" என்றாள். மருமகனின் தீர்ப்பு வேறு: "இன்னும் பெரிய பீஸ் போட்டா போகாது மாமா." இரண்டுமே தப்பு. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முதலில் தங்கைக்குப் பதில். குளிருக்குப் பயந்து மின்சார உடை போடுவது சொகுசு என்று ஒரு நினைப்பு நம் ஆட்களுக்கு உண்டு. உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். வத்தலக்குண்டு அடிவாரத்துக்கும் கொடைக்கானலுக்கும் ஏறக்குறைய 1800 மீட்டர் வித்தியாசம். கீழே மின்விசிறி போட்டுத் தூங்குகிற அதே இரவில் மேலே பத்துப் பன்னிரண்டு டிகிரி குறைவாக இருக்கும். ஜனவரியில் புல்வெளியில் உறைபனி படிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இது நிற்கிறவனுக்கு உள்ள குளிர். ஓட்டுகிறவனுக்குக் காற்று சேர்ந்துகொள்ளும். 5 டிகிரி குளிரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 1 டிகிரி போலத் தெரியும் என்பது வானிலைக்காரர்களின் கணக்கு. கையுறை பனியில் நனைந்துவிட்டால் இன்னும் மோசம். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அதே மாதிரி, ஈரம் காயக் காய விரலின் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும்.

விரல் மரத்தால் பிரேக் தாமதமாகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. அரை விநாடி பிந்தினால் ஐந்தரை மீட்டர் போய்விடும். நம் கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்தரை மீட்டர் எவ்வளவு பெரிய தூரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவன், விடியற்காலையில் காய்கறி, பால் கொண்டு போகிறவன் கைக்குச் சூடு தேடினால், அவன் ஹெல்மெட் தேடுவதற்குச் சமம்தான் அது. முதல் உலகப் போரிலேயே திறந்த விமானத்தில் பறந்தவர்களுக்கு மின்சாரத்தால் சூடாகும் உடை கொடுத்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் பழைய சங்கதி, நம் பையன் கண்டுபிடித்த கோமாளித்தனம் இல்லை.

அப்பா செய்ததிலும் விஷயம் இருந்தது. அவர் சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் செய்தித்தாளை மடித்து நெஞ்சில் வைத்துக்கொள்வார். காற்று புகாது, நடுவில் நிற்கும் காற்றே போர்வை ஆகிவிடும். நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால் உடம்பு ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொண்டு விரலை அம்போ என்று விட்டுவிடும். ஆகவே முதலில் நெஞ்சுக்குக் காற்றை அடையுங்கள். ஒரு ரெயின்கோட்டும் நாலு தாளும் போதும், கரண்ட் வேண்டாம். ஹேண்டில்பாரில் கைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் மறைப்பு மாட்டினால் பாதிக் குளிர் அங்கேயே நின்றுவிடும். இதற்கு மேலும் தாங்கவில்லை என்றால் மின்சாரத்துக்குப் போகலாம். போகும்போது கணக்கோடு போக வேண்டும்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்களுக்கு நினைவிருக்கும். டார்ச் செல், சின்ன பல்பு, பித்தளைப் பட்டையால் செய்த சுவிட்ச் வைத்து மின்சுற்று செய்தோம். ஒரு பல்பு எரியும்போது பக்கத்தில் இன்னொன்றை இணைத்தால் முதல் பல்பு மங்கும். "ஏன் சார்?" என்று கேட்டவர்கள் கை தூக்குங்கள். அந்த ஏனுக்குப் பதில்தான் இப்போது வருகிறது.

வாட் என்பது வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வருவது. ஜாக்கெட் சுமார் 75 வாட் என்றால், 12 வோல்ட்டில் 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மருமகன் வண்டியின் ஹெட்லைட் 35 வாட், ஏறக்குறைய 3 ஆம்பியர். ஹெட்லைட் ஒயரும் அந்த சுவிட்சும் 3 ஆம்பியரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அதிலேயே ஜாக்கெட்டையும் கட்டினால் 9 ஆம்பியர் போகும். இரண்டு பேர் போகிற ஒற்றையடிப் பாலத்தில் ஆறு பேரை ஏற்றுவது போலத்தான். அன்று நசுங்கிய ஒயர் முந்திக்கொண்டது. அது நசுங்காமல் இருந்திருந்தால் இன்னும் சில வாரத்தில் சுவிட்ச் உருகியிருக்கும்.

பழைய வண்டிகள் பலவற்றில் இன்னொரு சிக்கல் உண்டு. ஹெட்லைட் பேட்டரியில் இருந்தே எரியாது, எஞ்சின் சுற்றுகிற காயிலில் இருந்து நேராக ஏ.சி. கரண்டில் எரியும். என்னிடம் இருந்த மொபெட் அப்படித்தான். வளைவில் வேகம் குறைந்தால் விளக்கும் மங்கும், ஆக்சிலேட்டரை முறுக்கினால் பிரகாசிக்கும். வெளிச்சம் தேவைப்படுகிற இடத்தில் வெளிச்சம் இருக்காது. அந்த ஒயரில் ஜாக்கெட்டைக் கட்டினால் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி ஏ.சி.யைத் தாங்காமல் போய்விடும், விளக்கும் போதாது.

அடுத்தது உற்பத்திக் கணக்கு. வண்டியில் கரண்டைத் தயாரிப்பது பேட்டரி இல்லை, எஞ்சினோடு சுற்றும் ஆல்டர்னேட்டர். பேட்டரி வெறும் தண்ணீர்த் தொட்டி, ஆல்டர்னேட்டர்தான் மோட்டார். பெரிய டூரிங் வண்டிகளில் அது 500 வாட் வரை கூடத் தரும். நம் 100, 125 சி.சி. வண்டிகளில் நூறு, நூற்றைம்பது வாட் அளவில்தான். மருமகன் வண்டிக்கு நாங்கள் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தோம். ஹெட்லைட் 35. பின்விளக்கு, பிரேக் லைட், மீட்டர் சேர்த்துப் பதினைந்து இருபது. பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், ஸ்பார்க் எல்லாம் சேர்ந்து நாற்பதுக்கு மேல். கூட்டினால் கிட்டத்தட்ட நூறு. எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றும்போது மிச்சம் நாற்பது வாட் இருந்தால் அதிகம். ஜாக்கெட் கேட்பது 75. துண்டு விழுகிற முப்பத்தைந்து வாட்டை யார் தருவது? பேட்டரி. அதுவோ 4 ஆம்பியர்-மணி. 3 ஆம்பியர் வீதம் குறைந்துகொண்டே போனால் ஒரு மணி நேரப் பயணத்தில் முக்கால் பங்கு தீர்ந்துவிடும். குளிரில் பேட்டரியின் கொள்ளளவும் குறையும். 2017 ஏப்ரலில் இருந்து வந்த எல்லா இருசக்கர வண்டிகளிலும் ஹெட்லைட் எப்போதும் எரியும்படி சட்டம் இருப்பதால், விளக்கை அணைத்து மிச்சம் பிடிக்கவும் வழியில்லை.

இது தோராயக் கணக்கு. உங்கள் வண்டிக்குச் சரியான எண் சர்வீஸ் மானுவலில் இருக்கும், ஷோரூமில் கேட்டாலும் சொல்வார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் ஜாக்கெட் வாங்காதீர்கள். எல்லோரும் முதலில் ஜாக்கெட் வாங்கிவிட்டு அப்புறம் வண்டியைப் பார்க்கிறார்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த எண்ணும் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான். பஸ்ஸுக்குப் பின்னால் உருட்டும்போதும், சும்மா நிற்கும்போதும் பாதிகூட வராது. இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு இறங்குகிற வீரர்கள் நம்மில் நிறையப் பேர். பெட்ரோல் மிச்சமாம்! எஞ்சின் பிரேக் இல்லாமல் போவது ஒரு ஆபத்து, எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் கரண்டும் குறைந்து பேட்டரி வடிவது இன்னொன்று. இரண்டாவது கியரில் இறங்குங்கள், பிரேக்குக்கும் நல்லது, ஜாக்கெட்டுக்கும் நல்லது.

சரி, எப்படித்தான் இணைப்பது? பேட்டரியில் இருந்து நேராக, தனி ஒயரில், தனி பீஸோடு. பீஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஜாக்கெட் பக்கத்தில் பீஸ் வைத்துவிட்டு "பீஸ் இருக்கு சார்" என்று சொல்லாதீர்கள். பீஸ் காப்பாற்றுவது ஒயரை. பேட்டரிக்கும் பீஸுக்கும் இடையில் ஒயர் நசுங்கினால் அதைத் தடுக்க ஆளே இல்லை, தீதான். 6 ஆம்பியர் சுமைக்கு 10 ஆம்பியர் பீஸ், ஒன்றரை சதுர மில்லிமீட்டர் ஒயர் போதும்.

மருமகன் சொன்ன பெரிய பீஸ் விவகாரம் நமக்குப் புதிதில்லை. வீட்டு பீஸ் கட்டையில் ஒற்றை இழைக்குப் பதில் நாலு இழையை முறுக்கிப் போட்டுவிட்டு "இனிமே போகாது" என்று பெருமைப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பீஸ் போகாது, ஒயர் போகும். பீஸ் இரண்டாவது முறையும் போனால் அது எதையோ சொல்கிறது. என்னவென்று பார்க்காமல் பெரியதைப் போடுவது, அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவது.

அடுத்து ரிலே. கிணற்று மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கிறதல்லவா, சின்னப் பொத்தானை அழுத்தினால் உள்ளே பெரிய காண்டாக்ட் சேர்ந்து மோட்டார் ஓடும். ரிலேயும் அதே வேலை. சாவி போட்டால் வருகிற மெல்லிய கரண்ட், பின்விளக்கு ஒயரில் இருந்து எடுத்தால் போதும், ரிலேயை மட்டும் தட்டி எழுப்பும். பெரிய கரண்ட் பேட்டரியில் இருந்து தன் வழியில் போகும். சாவியை எடுத்தால் ஜாக்கெட்டும் அணையும். ரிலே இல்லாமல் நேராகக் கொடுத்தால், நிறுத்தி டீ குடிக்கப் போகும்போது அணைக்க மறந்தீர்களோ, திரும்பி வரும்போது செல்ப் எடுக்காது. அந்தச் சிறு பெட்டியில் 30, 85, 86, 87 என்று எண் போட்டிருக்கும். 30-க்குப் பீஸ் வழியாக பேட்டரி, 87-ல் இருந்து ஜாக்கெட், 86-க்குச் சாவி வழி வரும் கரண்ட், 85-க்கு எர்த். இதைத் தாளில் வரைந்து எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் அரை மணி நேர வேலை.

முறுக்கி டேப் சுற்றுவது வேண்டவே வேண்டாம். நம் மலையின் பனியிலும் மழையிலும் டேப்பின் பசை விட்டுவிடும், செம்பு பச்சை பூத்துவிடும். பூத்த இணைப்பில் மின்தடை கூடும். வெறும் 0.2 ஓம் கூடினாலே, 6 ஆம்பியர் போகும்போது அந்த ஒரே புள்ளியில் 7 வாட் சூடு. நகம் அளவு இடத்தில் 7 வாட் என்றால் பிளாஸ்டிக் இளகும். அதோடு ஜாக்கெட்டுக்குப் போக வேண்டிய 12 வோல்ட்டில் 1.2 வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். காசு கொடுத்து வாங்கிய சூட்டைச் சீட்டுக்கு அடியில் விரயம் செய்கிறோம். சால்டர் வைத்து அல்லது கிரிம்ப் அடித்து, சூடு காட்டினால் சுருங்கும் குழாய் போடச் சொல்லுங்கள். ஒயர் சீட்டு இரும்பில் படாமல், ஹேண்டில் திரும்பும்போது இழுபடாமல் வர வேண்டும். உடம்புக்கும் வண்டிக்கும் நடுவில் உள்ள பிளக் இழுத்தால் தானே கழன்றுவிடுகிற ரகமாக இருக்கட்டும். மறந்து இறங்கினாலும், கடவுள் காக்க, விழுந்தாலும் ஆளை வண்டியோடு கட்டி வைக்கக் கூடாது. கரண்ட் வருகிற பக்கத்தில் உள்வாங்கிய பிளக்கை வையுங்கள், வெளியே நீட்டிய முள் இரும்பில் பட்டால் மறுபடி பழைய கதைதான்.

முன்பு இணைத்துக் கொடுத்த மெக்கானிக்கை நான் திட்டவில்லை. கூடுதல் விளக்கு, பெரிய ஹாரன் எல்லாவற்றையும் அப்படித்தான் ஆண்டாண்டாக இணைத்துப் பழக்கம். "சாருக்கு சீக்கிரம் வேணும்" என்று நிற்கிறவனுக்கு அவர் சீக்கிரமாகச் செய்து கொடுத்தார். "பீஸ் எங்கே போட்டீங்க?" என்று கேட்காமல் காசு கொடுத்தது நம் பையன். வாரன்டி உள்ள வண்டியில் ஒயரை வெட்டினால் வாரன்டியே போய்விடலாம், அதையும் அவன் கேட்கவில்லை.

கடைசியில் என்ன செய்தோம் என்றால், ஜாக்கெட்டை 400 சி.சி. வண்டி வைத்திருக்கும் அவன் நண்பனுக்குக் கொடுத்துவிட்டான். அந்த வண்டிக்கு அது பாரமே இல்லை. இவனுக்கு ஜோடி சேர்த்து 25 வாட் வரும் கையுறை வாங்கினோம். மிச்சம் நாற்பது வாட்டுக்குள் அடங்கும். பீஸ், ரிலே, பிளக் எல்லாம் நான் சொன்ன முறையில் பழனியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் செய்தார், நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் உயிரை வாங்கினேன். ஹேண்டிலில் ஒரு சின்ன வோல்ட் மீட்டரும் வைத்தோம். எஞ்சின் ஓடும்போது பதிமூன்றரைக்கு மேல் காட்டினால் வரவு சரி. 12.6-க்குக் கீழே போனால் செலவு மீறுகிறது என்று அர்த்தம், உடனே கையுறையை அணைக்க வேண்டும். இப்போது மீட்டர் 13.8 காட்டுகிறது என்று தினமும் எனக்கு போட்டோ அனுப்புகிறான், போதும் என்று சொன்னாலும் நிறுத்துவதில்லை.

50, 60 சி.சி. மொபெட் வைத்திருக்கும் பெரியவர்கள் வண்டியில் இருந்து எடுக்கவே வேண்டாம். தனி லித்தியம் பேட்டரியோடு வருகிற கையுறை இருக்கிறது, வீட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டு கிளம்பலாம்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு, நானும் அந்தக் கட்சிதான், ஒரு எச்சரிக்கை. விரலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு அதிகமானது தெரியாது. கொதிக்கிற சூடுதான் சுட வேண்டும் என்பதில்லை. 44, 45 டிகிரி சூடுகூட மணிக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் தோல் வெந்துவிடும். குறைந்த அளவில் வையுங்கள், வெறும் தோலில் படாமல் உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடி பக்கம் இருக்கிற நம் பிள்ளைகளில் யாராவது ஏற்கெனவே இப்படி இணைத்திருந்தால், சீட்டைத் தூக்கி பேட்டரி பக்கம் ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பீஸ் எங்கே இருக்கிறது என்று தெரிகிற மாதிரி எடுங்கள். தப்பாக இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன், பழைய பழக்கம்.